‘பின்’ என்னும் பொய்

மார்பகப் பெருக்கு அறுவையைப் பற்றி இலக்கிய வாசகர்கள் கூடும் இடத்தில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறோம்: எழுதப்படாமலே கிடப்பதுதான் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாக முலையைப் பாடி வந்த மொழி நம்முடையது. குன்று, குரும்பை, கோங்கின் அரும்பு, தாமரை மொட்டு, பொற்கலசம், யானையின் கொம்பு என்று உவமைகளின் கருவூலமே நம்மிடம் உண்டு. ஆனால் கத்தி பட்ட முலையை, தையல் பிரித்தபின் அது கிடக்கும் கிடையை, ஆறு மாதத்தில் அது அடையும் வடிவத்தை, பத்தாண்டில் அது இழக்கும் வடிவத்தைச் சொல்ல வேண்டுமென்றால் இந்த மொழியில் சொல்லே தேட வேண்டியிருக்கிறது. புற்றுநோயால் முலை இழந்தவளுக்கு நம்மிடம் அனுதாபமாவது உண்டு. அதைப் பெரிதாக்கிக்கொண்டவளுக்கு நாம் தருவது கேலி ஒன்றுதான். அந்தக் கேலியை எதிர்த்தே இதை எழுதுகிறோம்.

இந்த அறுவையைப் பரிந்துரைக்க நாங்கள் வரவில்லை, தடுக்கவும் வரவில்லை. எங்கள் வழக்கு வேறு. அழகை விற்கும் மருத்துவ வியாபாரியும், அதைக் கண்டு முகம் சுளிக்கும் பண்பாட்டுக் காவலரும் எதிரெதிர் அணியில் நிற்பதாகத் தோன்றினாலும் ஒரு விஷயத்தில் கூட்டாளிகள். இருவருக்குமே அறுவை மேசைக்கும் இறுதித் தோற்றத்துக்கும் நடுவிலுள்ள காலம் வேண்டாத பொருள். வியாபாரிக்கு அது விற்பனையைக் கெடுக்கும். காவலருக்கோ அது இரக்கத்தை உண்டாக்கிவிடும் என்ற பயம். இரக்கம் வந்துவிட்டால் ஏளனம் செய்ய முடியாதல்லவா? இருவரும் கைகோத்து அந்தக் காலத்தை அழித்துவிட்டார்கள். எஞ்சியிருப்பவை இரண்டு புகைப்படங்கள். ஒன்றின் பெயர் ‘முன்’. மற்றதன் பெயர் ‘பின்’.

அந்தப் புகைப்பட இணையை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். தலையில்லாத உடல். கழுத்துக்குக் கீழே தொடங்கித் தொப்புளுக்கு மேலே முடிந்துவிடும் சட்டகம். முகம் இல்லாததற்கு அந்தரங்கம் காக்கப்படுகிறது என்று காரணம் சொல்லப்படும். அது நியாயமான காரணமும்கூட. ஆனால் முகம் போனதோடு சொல்பவளும் போய்விட்டாள் என்பதைக் கவனியுங்கள். இரண்டு படங்களுக்கும் நடுவே மெல்லிய ஒரு வெள்ளைக் கோடு. மயக்க மருந்தும் வலியும் வீக்கமும் தூக்கமின்மையும் கண்ணாடி முன் நின்று அழுத இரவும் அந்தக் கோட்டின் தடிமனுக்குள் அடங்கியாக வேண்டும். ‘பின்’ படம் எடுக்கப்படும் தருணமும் வெகு சாமர்த்தியமாகத் தேர்ந்தெடுக்கப்படுவது. வீக்கம் வடிந்து, வடிவம் படிந்து, தழும்பு மங்கத் தொடங்கிய காலம் அது. பின்னாளில் வரக்கூடிய எந்தச் சிக்கலும் தலைகாட்டாத காலமும் அதுவே. கதாநாயகியின் கழுத்தில் தாலி ஏறியதும் ‘சுபம்’ போட்டுவிடும் நம் பழைய சினிமாவுக்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றுமில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் கதையே தொடங்குகிறது என்பதை நாவல் வாசிப்பவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

சரி, அந்த வெள்ளைக் கோட்டுக்குள் நுழைவோம்.

பெரும்பாலும் முழு மயக்கத்தில், ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் அறுவை இது. வெட்டு முலையின் அடிமடிப்பிலோ, காம்பைச் சுற்றிய கருவளையத்தின் ஓரத்திலோ, அக்குளிலோ விழும். சிலிகான் கூழோ உப்புநீரோ அடங்கிய பையை வைக்க உள்ளே ஓர் இடம் வேண்டும். பால் சுரப்பிக்கு அடியிலோ, அதற்கும் கீழே மார்புத் தசைக்கு அடியிலோ அந்த இடம் உண்டாக்கப்படுகிறது. தசைக்கு அடியில் என்றால், அதன் பிடிமானத்தின் ஒரு பகுதியை விலாவெலும்பிலிருந்து விடுவித்துத்தான் உண்டாக்க முடியும். விழித்தெழுபவள் முதலில் உணர்வது அழகையல்ல, நெஞ்சின்மேல் யாரோ ஏறி அமர்ந்திருப்பது போன்ற பாரத்தை. கையை உயர்த்தித் தலைவார முடியாது. கையூன்றிப் படுக்கையிலிருந்து எழ முடியாது. புரண்டு படுக்க முடியாது. வாரக்கணக்கில் மல்லாந்த படுக்கைதான். இறுக்கமான மார்க்கச்சை இரவும் பகலும் உடலோடு ஒட்டிக் கிடக்கும். மேசை வேலைக்கு ஒரு வாரத்தில் திரும்பலாம், கனம் தூக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மேசை வேலை மட்டுமே வேலை என்று எண்ணுகிற உலகத்தின் கணக்கு அது. இடுப்பில் குழந்தையும் கையில் தண்ணீர்க் குடமுமாக நாளைத் தொடங்குகிறவளுக்கு இந்தக் கணக்கை யார் மொழிபெயர்த்துச் சொல்கிறார்கள்?

தோற்றத்துக்கு வருவோம். விலை கொடுத்து வாங்கியது அதைத்தானே. முதல் வாரங்களில் கண்ணாடியில் தெரிவது அவள் கேட்டதல்ல. முலைகள் இயல்புக்கு மீறி உயரத்தில், கழுத்தெலும்பை நோக்கி ஏறி நிற்கின்றன. மேற்பாதி புடைத்தும் கீழ்ப்பாதி தட்டையாகவும் இருக்கிறது. தோல் இழுபட்டுப் பளபளக்கிறது. தொட்டால் கல். கன்றிய நீலம் மஞ்சளாகி விலாப்பக்கம் இறங்குகிறது. வீக்கம் இரு பக்கமும் ஒரே வேகத்தில் வடிவதில்லை. ஒன்று இறங்கியிருக்கும், மற்றது இன்னும் மேலேயே நிற்கும். கேட்டதைவிடப் பெரிதாகிவிட்டதோ என்று இந்த வாரங்களில் அஞ்சுகிறவள், வீக்கம் வடிந்தபின் கேட்டதைவிடச் சிறிதாகிவிட்டதோ என்று அஞ்சுவதும் உண்டு. தசை தளர்ந்து, தோல் இணங்கி, பை தன் எடையால் கீழிறங்கி, கீழ்ப்பாதி நிரம்பி இயல்பான ஒரு சாய்வு வர மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். சிலருக்கு அதற்கும் மேல். இந்த இயக்கத்துக்கு அமெரிக்கப் பெண்கள் தங்களுக்குள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ‘இறங்கி மலர்தல்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். வலியில் கிடந்தவர்கள் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்ள அவர்களே உண்டாக்கிய சொல் அது. இந்தக் கட்டுரைக்காக நாங்கள் தேடியவற்றில் கவிதைக்கு மிக அருகில் வந்தது அந்தச் சொல்தான் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறோம்.

உணர்ச்சியைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதே இல்லை. காம்பு சிலருக்கு மரத்துப்போகிறது. சிலருக்கோ ஆடை உரசினாலே மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்கிறது. மாதங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாமலே போவதும் உண்டு. பார்க்கும் கண்ணுக்கு மேலும் நிறைந்துவிட்ட ஓர் உறுப்பு, உடையவளுக்கு உணர்வில் குறைந்துபோகக்கூடும் என்ற இந்த முரணை எந்தக் கவிஞர் கையிலெடுத்திருக்க வேண்டும்! தழும்பு முதலில் சிவந்து தடித்து, ஓராண்டுக்கு மேலான காலத்தில் வெளிறுகிறது. கருத்த தோலில் அது அளவுக்கு மீறித் தடித்துக் கெலாய்டாக வளரும் வாய்ப்பு கூடுதல். நம் வாசகிகளுக்கு இது அந்நிய தேசத்துச் செய்தியல்ல. காது குத்திய இடத்தில் கட்டி வளர்ந்த அத்தையோ பாட்டியோ இல்லாத குடும்பம் நம்மில் குறைவு.

இதுவரை சொன்னது ஆறுதலின் கதை. ‘பின்’ என்ற சொல்லின் பெரிய மோசடி இதற்கும் அப்பால் இருக்கிறது. அந்தச் சொல், முடிந்துவிட்டது என்கிறது. எதுவும் முடிவதில்லை. உள்ளே புகுந்த அந்நியப் பொருளை உடல் சும்மா விடாது. அதைச் சுற்றித் தழும்புத் திசுவால் ஓர் உறை நெய்கிறது. முத்துச்சிப்பி மணலைச் சுற்றி நெய்வதைப்போல என்று எழுதக் கை வருகிறது. இத்தனை நேரம் உவமைகளைக் குறை சொல்லிவிட்டு நாங்களும் அதில் விழக்கூடாது. பலருக்கு அந்த உறை மெல்லியதாக, தொல்லை தராததாக இருந்துவிடுகிறது. சிலருக்கு அது சுருங்குகிறது, இறுகுகிறது. உள்ளிருக்கும் பை நெரிந்து முலை உருண்டையாகி, மேலேறி, கடினமாகி, முற்றிய நிலையில் வலிக்கவும் செய்கிறது. இதை நான்கு படிகளாகப் பிரிக்கும் பேக்கர் அளவுகோல் 1970களிலிருந்தே மருத்துவர் கையில் இருக்கிறது. அதாவது இது எதிர்பாராத விபத்தல்ல, அளவுகோல் வைத்து அளக்கப்படுகிற வழக்கமான சங்கதி. மெலிந்தவர்களுக்குத் தோலின் மேலாகவே பையின் சுருக்கம் அலையலையாகத் தெரியலாம். தசைக்கு அடியில் வைத்திருந்தால் கையை அழுத்தும்போது முலை கோணிக்கொண்டு விலகலாம். பை கிழியலாம். உப்புநீர்ப் பை கிழிந்தால் சில நாட்களில் வற்றித் தெரிந்துவிடும். சிலிகான் பை கிழிந்தால் வெளியே ஓர் அடையாளமும் இல்லாமல் இருக்கக்கூடும். அதனால்தான் நோயின் குறி ஏதும் இல்லாவிட்டாலும் ஐந்தாறு ஆண்டில் ஒரு முறையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்துப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். இவை ஆயுள் முழுதும் நிற்கும் பொருள்கள் அல்ல என்று அதே நிர்வாகம் வெளிப்படையாகவே சொல்லிவருகிறது. அழகுக்காகப் பொருத்திக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு எட்டு முதல் பத்தாண்டுக்குள் அகற்ற நேர்ந்துவிடுகிறது என்பது 2011இல் அது வெளியிட்ட கணக்கு.

இவ்வளவுக்குப் பிறகும் பெரும்பாலானோர் மனநிறைவோடு இருப்பதாகவே ஆய்வுகள் சொல்கின்றன. அதை மறைத்தால் நாங்களும் ஒரு படத்தை மட்டும் காட்டுகிறவர்களாகிவிடுவோம். நிறைவடைந்தவளுக்கும் அடுத்த அறுவை வரலாம், கர்ப்பமும் வயதும் எடையும் அவள் மார்பை மாற்றிக்கொண்டேதான் இருக்கும் என்பதே எங்கள் பேச்சு.

இந்தத் தேவை எப்படிப் பிறந்தது என்ற வரலாறு, பெண்களின் வீண் ஆசையே எல்லாவற்றுக்கும் மூலம் என்கிற நம் அறிவாளிகளுக்காகவே காத்திருக்கிறது. 1962இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், ஜெஃபர்சன் டேவிஸ் மருத்துவமனையில் ஃபிராங்க் ஜெரோ, தாமஸ் குரோனின் என்னும் இரு அறுவை மருத்துவர்கள் உலகின் முதல் சிலிகான் பைகளை ஒரு பெண்ணுக்குப் பொருத்தினார்கள். இரத்தம் நிரம்பிய பிளாஸ்டிக் பையைக் கையில் ஏந்தியபோது ஜெரோவுக்கு அந்த யோசனை தோன்றியதாகச் சொல்வார்கள். பெண்ணுக்கு முன்பு ஒரு நாய்க்கு வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பெண், டிம்மி ஜீன் லிண்ட்ஸி, ஆறு குழந்தைகளின் தாய். அவர் மருத்துவமனைக்குப் போனது மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்க. பையைப் பொருத்திக்கொள்ளச் சம்மதமா என்று மருத்துவர்கள்தாம் கேட்டார்கள். தன் தோற்றத்தில் அவருக்குக் குறையாகத் தெரிந்தது துருத்தி நின்ற காதுகள். காதையும் சரிசெய்து தருவதாகச் சொல்லவே ஒப்புக்கொண்டார். பின்னாளில் பல பேட்டிகளில் அவரே சொன்ன செய்தி இது. ஆசை முதலில் வந்து பண்டம் பின்னால் வரவில்லை. பண்டம் முதலில் வந்து ஆசையைத் தேடிப் போனது. காது கேட்டவளுக்கு முலை கொடுத்த இந்தக் கதையைவிடக் கூர்மையான அங்கதத்தை எவர் எழுதிவிட முடியும்?

பிறகு அந்த ஆசைக்கு நோய் என்று பெயர் சூட்டவும் முயன்றார்கள். சிறிய முலை ஓர் ஊனம், உண்மையில் ஒரு நோயே என்ற பொருளில் 1982இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கம் உணவு மருந்து நிர்வாகத்துக்கு எழுதியது. சந்தை சுருங்காதிருக்க ஓர் உறுப்பின் அளவையே பிணியாக்கிவிடலாம் என்று துணிந்தவர்கள் படித்தவர்கள். அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே 1976இல் வந்தபோது, இந்தப் பைகள் ஏற்கெனவே சந்தையில் இருந்தன என்ற காரணத்தால் பாதுகாப்புச் சான்று கேட்கப்படாமலே விற்பனையில் தொடர்ந்தன. கேள்வி கேட்க 1990களின் தொடக்கம் வரை ஆனது. 1992இல் அழகுக்கான சிலிகான் பைகள் நிறுத்தப்பட்டன. வழக்குகளின் வெள்ளத்தில் டவ் கார்னிங் நிறுவனம் 1995இல் திவால் மனு கொடுத்தது. 2006இல் மீண்டும் அனுமதி. இடையே 1999இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் குழு விரிவான அறிக்கை ஒன்றைத் தந்தது. உடலெங்கும் பரவும் நோய்களுக்கு இந்தப் பைகள் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. உறை இறுகுதல், கிழிதல், மறு அறுவை என்று முலையிலேயே நேரும் சிக்கல்கள்தாம் முதன்மையான கவலை என்றது. தொழில்துறை இதன் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு கொண்டாடியது. இரண்டாம் பாதியோ, நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைக் கோடு.

கேலிக்கும் கொள்கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் பிரான்ஸுக்கு வர வேண்டும். ழான் குளோத் மாஸ் என்பவர் 1991இல் தொடங்கிய பி.ஐ.பி. நிறுவனம், மருத்துவத்துக்கு அனுமதிக்கப்படாத, விலை மலிந்த தொழிற்சாலைச் சிலிகானைப் பைகளில் அடைத்து ஆண்டுக்கணக்கில் விற்றது. தணிக்கையாளர்கள் சொல்லிவிட்டு வருவார்கள். வருமுன் பொருளை ஒளித்துவிடுவார்கள். 2010 மார்ச்சில் மோசடி வெளிப்பட்டது. பிரான்ஸில் மட்டும் ஏறத்தாழ 30,000 பெண்கள், உலகெங்கும் லட்சக்கணக்கானோர். 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசு அந்தப் பைகளை முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொள்ளச் சொன்னது. மாஸுக்கு 2013இல் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் அவர் இறந்தார். இவை செய்தித்தாளில் வந்தவை. எங்களை உறுத்துவது வேறொரு விவரம். அகற்றும் செலவை எல்லோருக்கும் அரசு ஏற்றது. புதிய பை வைக்கும் செலவைப் புற்றுநோய்க்குப் பின் மார்பை மீட்டமைத்துக்கொண்டவர்களுக்கு மட்டுமே ஏற்றது. அதே நிறுவனம், அதே நச்சுச் சரக்கு, அதே அரசின் கண்காணிப்புத் தவறு. ஆனால் அழகுக்காக வைத்துக்கொண்டவள் எடுத்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். எடுத்தபின் அவள் ‘முன்’ படத்துக்குத் திரும்புவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் இழுபட்ட தோல் தளர்ந்து தொங்கும், சுரப்பி மெலிந்திருக்கும், வெட்டுத் தழும்பு இரட்டித்திருக்கும். அரசின் வைத்திய நிதிக்கு எல்லை உண்டு என்ற வாதம் எங்களுக்குத் தெரியும். அந்த எல்லைக்கோடு எந்த இடத்தில் போடப்பட்டது என்று பாருங்கள்: வலி எவ்வளவு என்று அளந்து அல்ல, வலிக்குத் தகுதி உண்டா என்று பார்த்து. நாம் திண்ணையில் உட்கார்ந்து அடிக்கும் நக்கல் ஓர் அரசாணையில் எப்படி எழுதப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வெகு தொலைவு போகவும் வேண்டாம். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அழகுக்கான மார்பக அறுவையும் ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அழகுச் சிகிச்சை ஏழைக்கு ஏன் கிடைக்கக்கூடாது என்பது அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கரின் வாதம். உலகப் பத்திரிகைகள் ஆச்சரியத்தோடு எழுதின. நம் ஊரில் நடந்தது என்ன? இலவச மிக்சி, இலவச ஃபேன் வரிசையில் வைத்து ஜோக்குகள். கொஞ்சம் பொறுப்பானவர்கள் டெங்குவுக்கும் காசநோய்க்கும் போக வேண்டிய பணம் இது என்றார்கள். அது விவாதிக்கத் தக்க வாதம். அமைச்சரின் கேள்வியும் அப்படியே. பணமுள்ளவளின் ஆசை சுதந்திரம், பணமில்லாதவளின் ஆசை ஆடம்பரம் என்ற நம் பழக்கத்தை அது தொட்டது. ஆனால் அந்த ஆரவாரத்தில் எழுந்திருக்க வேண்டிய கேள்விகள் வேறு. பத்தாவது ஆண்டில் உறை இறுகினால் மறு அறுவை இலவசமா? பை கிழிந்ததா என்று பார்க்க அவ்வப்போது படம் எடுப்பது யார் செலவு? ஆறு வாரம் கனம் தூக்காதே என்றால் சித்தாள் வேலைக்குப் போகிறவளின் ஆறு வாரக் கூலி எங்கே? நகைச்சுவைத் துணுக்குகளின் சத்தத்தில் இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லாமல் போயிற்று. நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் அந்தச் சத்தத்தில் கலந்துகொண்டார்கள் என்பதை அவரவர் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறோம்.

‘அவள் உடல், அவள் தேர்வு’ என்று சொல்லி நகர்ந்துவிடும் முற்போக்காளர்களிடமும் எங்களுக்குச் சண்டை உண்டு. தேர்வு என்பது சரிதான், எதிலிருந்து எதைத் தேர்ந்தாள்? இரண்டு தலையற்ற புகைப்படங்களிலிருந்தா? அமெரிக்காவிலேயே, இந்தப் பைகளோடு ஓர் அரிய நிணநீர்ப் புற்றுக்குத் தொடர்பிருக்கலாம் என்று 2011இல் எச்சரித்தும், 2019 ஜூலையில்தான் அலெர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகைப் பைகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. 2021 அக்டோபரில்தான் கட்டம் கட்டிய எச்சரிக்கையும், நோயாளியோடு ஒவ்வொரு வரியாகப் படித்துக் கையொப்பம் பெற வேண்டிய பட்டியலும் கட்டாயமாயின. முதல் அறுவைக்கு ஐம்பத்தொன்பது ஆண்டு கழித்து! அதுவரை நடந்த தேர்வுகளுக்கெல்லாம் என்ன பெயர் வைப்பது?

இலக்கியத்துக்குத் திரும்புவோம். முலை அறுவையைப் பற்றி உலக இலக்கியத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னி, 1811 செப்டம்பரில் பாரிஸில், மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில், புற்று என்று கருதி ஒரு முலையை அறுத்தெடுத்ததைத் தன் சகோதரிக்குக் கடிதமாக எழுதினார். மாதக்கணக்கில் தயங்கித் தயங்கி எழுதிய கடிதம் அது. இருநூறு ஆண்டு கடந்தும் படிப்பவரின் கை நடுங்கும். ஆட்ரி லார்ட் 1980இல் வெளியிட்ட புற்றுநோய்க் குறிப்புகளில், செயற்கை முலை வைத்துக்கொள்ளாமல் மருத்துவரைப் பார்க்கப் போனதற்காகச் செவிலி கடிந்துகொண்டதை எழுதியிருக்கிறார். அப்படி வந்தால் மற்ற நோயாளிகளின் மன உறுதி குலையுமாம். இழந்தவர்களின் எழுத்து உண்டு, அது மகத்தானதும்கூட. கூட்டிக்கொண்டவர்களின் எழுத்துக்குத்தான் அப்படியொரு மரியாதை கிடைக்கவில்லை. வலி ஒன்றுதான், கத்தி ஒன்றுதான், தழும்பின் இடம்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இழப்பின் வலி எழுதத் தக்கது, ஆசையின் வலி மறைக்கத் தக்கது என்று யாரோ தீர்ப்பு எழுதிவிட்டார்கள். துன்பத்துக்குச் சாதி பார்க்கும் இந்த விமர்சன அளவுகோலை நாங்கள் ஏற்பதற்கில்லை.

தமிழில் நிலைமை இன்னும் விசேஷம். குட்டி ரேவதி 2002இல் ‘முலைகள்’ என்று தன் கவிதைத் தொகுப்புக்குப் பெயர் வைத்ததற்கே எழுந்த கூச்சலை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆண்கள் ஆயிரம் பாடல்களில் வர்ணித்தபோது ரசனையாயிருந்த சொல், உடையவளே அட்டையில் அச்சிட்டபோது ஆபாசமாயிற்று. அந்தச் சொல்லையே பொறுக்க முடியாதவர்களிடம் அதன் வீக்கத்தையும் மரப்பையும் தழும்பையும் பற்றி எப்படிப் பேசுவது? கண்ணகியையே எடுத்துக்கொள்ளுங்கள். இடமுலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்ததை எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறோம், கடற்கரையில் சிலை வைத்திருக்கிறோம். எரிந்த நகருக்கும் வேங்கை மரத்து நிழலுக்கும் இடையில் அவள் நடந்த பதினான்கு நாட்களில் அந்தப் புண் என்னவாயிற்று, மேலாடை அதில் எப்படி ஒட்டியது என்று எந்தப் பட்டிமன்றத்திலாவது ஒருவர் கேட்டு நாங்கள் கேள்விப்பட்டதில்லை. முன், கோவலன் மனைவி. பின், பத்தினித் தெய்வம். அங்கேயும் அதே இரண்டு படங்கள்தாம்.

ஆகவே குறைந்தபட்சம் சொற்களையாவது சேர்ப்போம். உறை, உறை இறுக்கம், பைக் கிழிவு, வடிவம் படிதல், காம்பு மரப்பு, மறு அறுவை என்று நாங்கள் மேலே பயன்படுத்திய சொற்கள் எல்லாம் எளியவை. யாருக்கும் புரிபவை. கையொப்பமிடுமுன் ஒரு பெண் தன் மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்ள இவை போதும்: பை எந்த வகை, மேற்பரப்பு வழுவழுப்பா சொரசொரப்பா, தசைக்கு மேலா கீழா, உறை இறுகினால் அடுத்து என்ன, முலைப்பரிசோதனைப் படம் எடுக்கும்போது பையை ஒதுக்கிக் கூடுதல் படங்கள் எடுக்க அங்கே தெரிந்தவர்கள் உண்டா, பாலூட்ட முடியுமா, எடுத்துவிட முடிவு செய்தால் செலவு எவ்வளவு. அறுவை முடிந்ததும் பையின் நிறுவனம், வகை, வரிசை எண் எழுதிய ஒரு சிறு அட்டை தரப்பட வேண்டும். அதைக் கேட்டு வாங்கிக் குடும்ப அட்டையோடும் நிலப் பத்திரத்தோடும் சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். 2011இன் அந்தக் கடைசி வாரங்களில், தங்கள் உடலுக்குள் இருப்பது எந்த நிறுவனத்தின் பை என்று அறியாத பெண்கள், பத்தாண்டுக்கு முந்தைய ஒரு துண்டுச் சீட்டைத் தேடித் தங்களுக்கு அறுவை செய்த இடங்களின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.